ஓட்டப் பயிற்சிக்கு நடுவே ஊர்சுற்றவும் நாள் ஒதுக்குங்கள்

உடலைத் தகுதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தனியாக முடிவெடுத்து, தனியாகவே திட்டம் போட்டுப் பயிற்சியில் இறங்கியிருக்கும் எவருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். ஓட்டப் பயிற்சியின் நடுவில் என் கீழ்க்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே கையால் தடவிப் பார்த்தால் முன்பக்கம் தட்டுப்படும் அந்த எலும்பில், மயிரிழை அளவு விரிசல் விழுந்தது. அது ஆறி, வலியில்லாமல் மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் ஓர் ஆண்டின் பெரும்பகுதி போய்விட்டது. பணமும் கணிசமாகப் போயிற்று. ஆனால் இன்று நினைத்துப் பார்க்கும்போது அதிகம் வருத்துவது, விரிசல் விழுவதற்கு முந்தைய மாதங்களில் உறவினரோடும் நண்பர்களோடும் வெளியே போய்வரும் வழக்கம் என் வாழ்க்கையிலிருந்து சிறிது சிறிதாக மறைந்துபோனதுதான். இந்த இரண்டு இழப்புகளுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு வெகு தாமதமாகவே புரிந்தது.

வழக்கமான மருத்துவப் பரிசோதனை ஒன்றில் இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டைத் தொட்டிருப்பதாகச் சொல்லி, உடற்பயிற்சி செய்யும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். நான் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் முதல் நாளே என் இலக்கைக் கேட்டார். ஆரோக்கியமாக இருந்தால் போதும் என்றேன். "அப்படியெல்லாம் சொன்னால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவீர்கள் மேடம், இலக்கு என்றால் ஓர் எண்ணும் ஒரு தேதியும் இருக்க வேண்டும்" என்றார். அதன்படி அரை மாரத்தான் ஓட்டத்தை, அதாவது 21.1 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தோம். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 நிமிடம் 41 வினாடி என்ற வேகத்தைத் தொடர்ந்து காத்தால்தான் அது முடியும். அதற்கு முன் தொடர்ச்சியாக ஒரு கிலோமீட்டர் கூட ஓடியறியாத எனக்கு, அந்த எண் எவ்வளவு பெரியது என்று மதிப்பிடும் அறிவு அப்போது இல்லை. மதிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவரும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகளில், 'முடிந்தவரை முயற்சி செய்' என்பதை விடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கே செயல்திறனைக் கூட்டுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு மரபில் இன்னொரு பகுதியும் உண்டு. அது உடற்பயிற்சிக் கூடங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு செயலுக்கே புதியவராக இருக்கும் ஒருவருக்கு, இவ்வளவு சாதிக்க வேண்டும் என்ற இலக்கை விட இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இலக்கே நல்ல பலன் தரும் என்பது அது. எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில மாதங்களுக்கு நேரத்தையும் தூரத்தையும் இலக்காக வைக்காதீர்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக் கற்பது, களைப்பையும் வலியையும் பிரித்தறியக் கற்பது, எத்தனை மணி நேரம் உறங்கினால் மறுநாள் உடல் இலகுவாக இருக்கிறது என்று கண்டுகொள்வது ஆகியவையே அந்தக் காலத்துக்குப் போதுமான, கடினமும் குறையாத இலக்குகள்.

என் பயிற்சித் திட்டத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்று வகுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு வாரமும் தூரம் கூடிக்கொண்டே போயிற்று, குறைவதே இல்லை. ஞாயிறு காலையில் நெடுந்தூர ஓட்டம் என்பதால் சனிக்கிழமை மாலை எங்கும் போகாமல் சீக்கிரம் படுக்க வேண்டும். ஓடி முடித்தபின் ஞாயிறு பிற்பகல் முழுவதும் எழ முடியாத அசதி. வார இறுதி இப்படி முழுவதுமாகக் கரைந்தது. தங்கை குடும்பத்தோடு மலைப்பகுதிக்குச் செல்வதாக இருந்த பயணத்தை முதலில் தள்ளிப்போட்டேன். பிறகு வரவில்லை என்று சொன்னேன். நெடுநாள் தோழிகள் கூடும் மாலைகளுக்கும் அதே பதில். அப்போதெல்லாம் எனக்கு வருத்தமே இருக்கவில்லை. கட்டுப்பாட்டோடு இருக்கிறேன் என்ற பெருமிதம்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், அவர்கள் கடற்கரைக்குப் போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று தங்கையிடம் கேட்டபோது, "உன்னைக் கூப்பிட்டு நீ மறுக்கும்படி செய்வது உனக்கும் சங்கடம்தானே அக்கா" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. பெரியம்மா வருவாரா என்று அவள் மகள் கேட்பதையும் நிறுத்திவிட்டிருந்தாள். அன்று இரவு நான் அழுதேன். ஆனாலும் மறுநாள் காலை திட்டப்படி ஓடப் போனேன்.

என் தேவைக்கு இவ்வளவு ஓட வேண்டியதே இல்லை என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை தீவிரமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். கீழ் எல்லையான 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு இருபத்தொரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010-இல் இருந்த நிபந்தனையையும் அந்த நிறுவனம் நீக்கிவிட்டது. குழந்தைகளோடு குன்றேறுவதும், ஏரிக்கரையைச் சுற்றி நடப்பதும், மிதிவண்டியில் ஊரைச் சுற்றி வருவதும் இந்தக் கணக்கில் முழுமையாகச் சேரும். நான் மறுத்த பயணங்களில் பெரும்பாலானவை, மருத்துவர் எனக்குச் சொன்ன உடற்பயிற்சியாகவே இருந்திருக்கும்.

உடல் தன் பங்குக்கு எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு அசதியாக இருந்தாலும் இரவில் உறக்கம் கலைந்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தை விட உயர்ந்தே இருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது. முன்பு எளிதாக ஓடிய தூரம் கடினமாயிற்று. மாதவிடாய் தள்ளிப்போனது. உணவைக் குறைத்துக்கொண்டு ஓட்டத்தைக் கூட்டும்போது, அன்றாட இயக்கத்துக்கு வேண்டிய ஆற்றல் உடலுக்குக் கிடைக்காமல் போகிறது. அந்நிலையில் ஹார்மோன் சுரப்பும் எலும்பின் உறுதியும் பாதிக்கப்படுகின்றன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. இது ஆண்களுக்கும் வரும். பயிற்சி தொடங்கிய பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இயல்புதான் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். மேலே நான் சொன்ன அறிகுறிகளில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், திட்டத்தில் எது எழுதியிருந்தாலும் ஓய்வெடுங்கள்.

பிறகு வலி தொடங்கியது. முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும் வந்தது. சில வாரங்களில் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே வந்தது. பின்னர் நடக்கும்போதும், இறுதியில் படுத்திருக்கும்போதும் வலித்தது. புதிதாக ஓடுகிறவர்களுக்கு வருவதுதான், பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்துக்கொண்டு தொடரலாம் என்று பயிற்சியாளர் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆறுதலில் மேலும் சில வாரங்கள் ஓடினேன். வலி பொறுக்க முடியாமல் வேறொரு மருத்துவரிடம் போனபோது, எலும்பில் விழும் இத்தகைய விரிசல் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் தென்படாமல் போவது சாதாரணம் என்று விளக்கி, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. எலும்பின் முன்பக்கத்தில் விழுந்திருந்ததால் ஆறுவதற்கும் அதிக காலம் பிடிக்கும் என்றார்.

அவர் அன்று சொன்ன விளக்கம் ஒவ்வொரு புதிய ஓட்டக்காரருக்கும் முதல் நாளே சொல்லப்பட வேண்டியது. இதயமும் தசைகளும் பயிற்சிக்குச் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன, எலும்பு அப்படியல்ல. பாரம் கூடும்போது எலும்பு தன் பழைய பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அரிப்பது சில வாரங்களில் நடந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்ற தைரியத்தில் நாம் தூரத்தைக் கூட்டும் காலமும், எலும்பு மிகவும் வலுவிழந்திருக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதால்தான் புதியவர்களுக்கு இந்தக் காயம் நேர்கிறது. ஆகவே மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தூரத்தைக் கணிசமாகக் குறைக்காத எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். வலியைப் பொறுத்தவரை, பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுவதும் பரவலாக வலித்துத் தானாகக் குறைந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒற்றை விரலால் தொட்டு இங்கேதான் என்று காட்ட முடிகிற வலி எலும்பின் மேல் இருந்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்னதை விடச் சீக்கிரம் வந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டாலும் வலி தொடர்ந்தால், விரிசல் இருக்கக்கூடுமா என்று நேரடியாகவே கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றார்கள், கட்டினேன். காயத்துக்குப் பிறகு சந்தாவை இடைநிறுத்தக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஓட்டப் போட்டியின் பதிவுக் கட்டணமும் திரும்பி வரவில்லை. ஸ்கேன், மருத்துவர் கட்டணம், பிசியோதெரபி என்று செலவுகள் தொடர்ந்தன. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் வந்த நாளுக்கு மட்டும் பணம் கட்டியிருந்தால் குறைவாகவே செலவழித்திருப்பார்கள் என்று காட்டினார்கள். எத்தனை முறை வரப்போகிறோம் என்பதை நாம் எல்லோருமே மிகைப்படுத்தித்தான் கணிக்கிறோம். முதல் சில மாதங்களுக்குச் சலுகை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மாதாமாதமோ வருகைக்கு ஏற்பவோ கட்டுங்கள். காயம் பட்டால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, போட்டிப் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வில் இருந்த வாரங்கள்தான் மிகக் கடினமானவை. காலில் பாதுகாப்புக் காலணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஓட்டம் போனதும் நாளை நிரப்ப வேறொன்றும் இல்லை. ஓட்டத்துக்காக மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருந்தேன். யாரையாவது அழைத்துப் பேசலாம் என்றால், இத்தனை மாதமாக மறுத்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது என்ற கூச்சம் தடுத்தது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்: கூச்சத்தை விட்டுக் கூப்பிடுங்கள். நான் ஒரு வரிச் செய்தி அனுப்பிய அன்று மாலையே தங்கை காரோடு வந்து நின்றாள். ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் நாங்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தோம்; அவள் மகள் கரையோரம் ஓடியாடிக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவு நன்றாக உறங்கினேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அந்த நேரம் ஒரே நாளில் கழிந்ததா, பல நாட்களில் சிறிது சிறிதாகக் கழிந்ததா என்பதால் வேறுபாடு தெரியவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதானே தவிரக் காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல. ஆனாலும் என் உடல் அன்று உணர்ந்ததோடு அது பொருந்திப் போகிறது.

மீண்டு வந்தபின் இலக்கு வைக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் வைத்திருக்கிறேன். வேலைப்பளு மிகுந்த வாரத்திலும் கீழ் எல்லையைத் தொட்டுவிட முடியும். உற்சாகமான வாரத்திலும் மேல் எல்லையைத் தாண்டுவதில்லை. உண்மையில் என்னைக் காப்பாற்றுவது மேல் எல்லைதான். ஆர்வம் மிகுந்தவர்களுக்கு அதுவே அதிகம் தேவை என்பது என் உறுதியான கருத்து. வேகத்தைக் கணக்கிடுவதற்குப் பதிலாக, ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கிறேன். அதோடு, இலக்கையே ஓர் ஊர்சுற்றலோடு இணைத்துவிட்டேன். தங்கை மகளோடு ஒரு நாள் முழுவதும் மலைப்பாதையில் நடந்து, இறங்கி வந்தபின்னும் அவளோடு விளையாடத் தெம்பிருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய இலக்கு. அதற்கு எவ்வளவு கால்வலிமை வேண்டும், எவ்வளவு மூச்சு வேண்டும், தோளில் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வாரப் பயிற்சியை அமைத்துக்கொள்கிறேன்.

ஊர்சுற்றலுக்கு நேரம் ஒதுக்குவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் அதையும் பயிற்சியைப் போலவே மணி குறித்து நாட்காட்டியில் எழுதினேன். அது இன்னொரு கடமையாகவே மாறிப்போனது. கேப்ரியேலா டோனியெட்டோ, செலின் மல்கோச் என்ற இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பொழுதுபோக்கைக் குறிப்பிட்ட மணிக்குத் திட்டமிட்டால் அது வேலையைப் போலத் தோன்றி மகிழ்ச்சி குறைகிறது என்றும், தோராயமான நேரமாக மட்டும் வைத்துக்கொண்டால் அப்படி ஆவதில்லை என்றும் காட்டியது. இப்போது மாதத் தொடக்கத்தில் 'இந்தச் சனிக்கிழமை பிற்பகல்' என்ற அளவில் மட்டும் தங்கையோடு பேசி வைத்துக்கொள்கிறோம்; எங்கே, எத்தனை மணிக்கு என்பதை அன்று முடிவு செய்கிறோம். ஆனால் அந்தப் பிற்பகலை நாட்காட்டியில் முதலில் குறித்துவிட்டுத்தான் ஓட்ட நாட்களை மீதமுள்ள இடங்களில் நிரப்புகிறேன். வரிசை மாறினால் ஊர்சுற்றல்தான் அடிபடும். இது என் அனுபவத்தில் தவறியதே இல்லை. வெளியே போகும் நாளில் அடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தையும் வீட்டில் வைத்துவிடுகிறேன். நடையை அளந்துகொண்டே நடப்பவர்கள் அதிகம் நடந்தாலும் குறைவாகவே மகிழ்கிறார்கள் என்று ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு, அதில் எனக்குத் தயக்கமே இல்லாமல் போயிற்று.

இன்னொரு ஏற்பாட்டையும் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். பயிற்சியைத் தொடங்கும்போதே, போதும் நிறுத்து என்று சொல்லும் உரிமையை உங்களை நன்கறிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் விளையாட்டைப் பற்றி அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் உறக்கத்தையும் மனநிலையையும் கவனிப்பவராக இருந்தால் போதும். எனக்கு அது என் தங்கை. பிசியோதெரபிஸ்ட் வகுத்துக் கொடுத்தபடி சில நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்து, வலி வந்தால் முந்தைய படிக்கே திரும்பி, நான் மறுபடி ஓடப் பழகிய காலத்தில் அந்த உரிமையை அவள் ஓரிரு முறை பயன்படுத்தவும் செய்தாள். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. மலைப் பயணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அரை மாரத்தானுக்கு மறுபடி பதிவு செய்வதா என்பதை, அந்தப் பயணம் முடிந்து கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவளோடு பேசித்தான் முடிவு செய்வேன்.